எண்ணினவனை விட்டுட்டான்

மதியம் இரண்டு மணி வகுப்பு. சி மொழியில் அணி நடத்த வேண்டும். பிள்ளைகள் வாயில் அது அர்ரே. ஆறு இடம் ஒதுக்கினால் எண் 0-இல் தொடங்கி 5-இல் முடியும். முதலாண்டுப் பிள்ளைகள் இங்கே இடறாத வருஷம் எனக்கு வாய்த்ததில்லை. கடைசி எண் 5 என்பதால் ஐந்து இடம்தான் என்பார்கள். இல்லாவிட்டால் லூப்பை 6 வரை ஓட்டிவிடுவார்கள். எல்லை தாண்டுவதைச் சி மொழி தானாகத் தடுக்காது. சில நேரம் விடைகூடச் சரியாக வந்துவிடும், ஆபத்தே அதுதான்.

அதனால் கரும்பலகையைத் தொடும் முன் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைச் சொல்வேன். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறுகிறார்கள். ஒரு சீடன் எல்லாரையும் எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்துதான் வருகிறது. ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று ஆறு பேருமே அழுகிறார்கள்.

வகுப்பு சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் அணியை எழுதி, எத்தனை இடம் என்று கேட்பேன். யாராவது ஒருவன் "ஐந்து" என்பான். பின்வரிசையிலிருந்து குரல் வரும்: "சார், எண்ணினவனை விட்டுட்டான்!" ஐந்து என்றவனும் சேர்ந்து சிரிப்பான். விட்டுப்போனது அந்தப் பூஜ்யம் என்று அவனுக்கே விளங்கியிருக்கும். தவறு சீடன் தலையில் விழுந்துவிட்டதால் அவனுக்குக் கூச்சமில்லை.

இதே கதையைப் பாடம் முடிந்தபின் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிரித்துவிட்டு எழுந்து போனார்கள், அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தமிழ்வழியில் படித்து வந்த மாணவன் ஒருவன் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தவறாக உச்சரித்தான். நான் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்த செமஸ்டர் முடியும்வரை அவன் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார். அவற்றில் எள்ளலும் பேதைமையும் தனித்தனி. கதைச் சீடனின் பேதைமை வகுப்பை ஒன்றாக்கியது. என் எள்ளல் ஒருவனைத் தனியாக்கியது. அந்த மாணவனிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

புதிதாக வகுப்புக்குப் போகும் விரிவுரையாளர்களே, ஒரு பாடத்துக்கு ஒரு கதையாவது முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மட்டும் கதையாக்கிவிடாதீர்கள்.