அழிந்த பாதையின் சான்றுகள்

உண்மையான இருப்புப்பாதைகளைக் கணிப்பொறித் திரையில் அவ்வாறே அமைத்து, அவற்றின்மேல் வண்டி ஓட்டும் கலையொன்று இக்காலத்தில் வளர்ந்துள்ளது. என் பெயரன் அதில் பெருவிருப்புடையவன். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிவரை சென்ற பாதையை அமைக்க முற்பட்டான். அப்பாதையோ 1964 டிசம்பரில் வீசிய புயலில் அழிந்தது; அன்றிரவு சென்ற பயணிகள் வண்டியும் மக்களோடு கடலில் அமிழ்ந்தது. இல்லாத பாதைக்கு அளவு எங்கே பெறுவது?

யான் ஏட்டுச்சுவடிகளோடு பழகியவன். பாடபேதம் ஆராயும் முறையையே அவனுக்கு உரைத்தேன். பழைய கால அட்டவணை நிலையங்களின் வரிசையையும் தொலைவையும் காட்டும், வளைவைக் காட்டாது. வளைவுக்கு நில அளவைத் துறையின் பழைய படமே சான்று. கட்டடத்தின் உருவுக்கு நிழற்படம் வேண்டும்; எடுத்த ஆண்டு தெரியாவிடில் அதனாற் பயன் சிறிதே. முதியோர் நினைவு இனியது, அளவுக்கு உதவாது. (என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.) தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் நிலைய இடிபாடுகள் இடத்தை ஐயமறக் காட்டும்.

"எவ்வாண்டின் பாதையை அமைக்கிறாய்?" என்று வினவினேன். பாம்பன் பாலமே 1914-இல் திறந்தது வேறு. 2025-இல் திறந்தது வேறு. கப்பலுக்கு வழிவிட, முன்னதன் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலெழுவதாயிருந்தது. பின்னதன் நடுப்பகுதி முழுதாகவே உயரும். இரண்டையும் கலந்தால் அஃது இடைச்செருகலாகும். அவன் 1960-ஐத் தேர்ந்துகொண்டான்.

மேடையின் நீளம் இன்னும் அகப்படவில்லை. செல்லரித்த ஏட்டின் எழுத்தில்லா இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவதுபோல, அவ்விடத்தை வெறுமையாகவே விட்டுள்ளான்.