விளக்கு எழுப்பும் ஓசை

வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இயங்கத் தொடங்கும் நொடியில் மின்விளக்கு சற்றே மங்கி மீள்வதைக் கண்டிருப்பீர்கள். பெட்டி திடீரென மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கிறது. கம்பியின் மின்தடையால் மின்னழுத்தம் குறைகிறது. விளக்கு அதனைக் காட்டிக்கொடுக்கிறது. இதற்கு மறுதலையாக, விளக்கு எரிவதால் இசை கெடுவதை நான் அகமதாபாத்திற்குப் பணிமாறுதல் பெற்று வந்த பின்னரே கேட்டேன்.

எங்கள் குடியிருப்பின் மேல்தளத்தில் வாழும் இளைஞர் ஒருவர் மாடுலர் சிந்தசைசர் அமைக்கிறார். ஒலியைப் பிறப்பிக்க ஒன்று, வடிகட்ட ஒன்று, தாளத்தை எண்ண ஒன்று எனத் தனித்தனி அலகுகளைக் கம்பிகளால் இணைத்து இசைக்கும் மின்னணுக் கருவி அது. 1960களில் அமெரிக்காவில் ராபர்ட் மோக் போன்றோர் உருவாக்கிய இவ்வகைக் கருவி, 1969ஆம் ஆண்டிலேயே அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திற்கு வந்துவிட்டது. டேவிட் டியூடர் என்னும் அமெரிக்க இசைக்கலைஞர் அதனை அங்கு நிறுவினார். இளைஞர் அமைப்பதோ, ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990களில் வகுத்த யூரோராக் வகை.

அதில் ஒரு வோல்ட் கூடினால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு சுரத்தானங்கள். ஆகவே ஒன்றிற்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 83 மில்லிவோல்ட்டே இடைவெளி. எல்லா அலகுகளும் ஒரே மின்வழங்கியையும், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பொதுக்கம்பியையும் பகிர்ந்துகொள்கின்றன. தாளத்திற்கேற்ப ஒருசேர மின்னும் பத்து எல்.இ.டி. விளக்குகள், ஒவ்வொன்றும் 20 மில்லிஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். மொத்தம் 200 மில்லிஆம்பியர். பொதுக்கம்பியின் மின்தடை 0.05 ஓம் எனில், அங்கே 10 மில்லிவோல்ட் தோன்றும். சுரத்தான இடைவெளியில் இது எட்டில் ஒரு பங்கு! விளக்கு மின்னுந்தோறும் சுரம் அவ்வளவு நழுவினால் பழகிய செவி பொறுக்குமா? ஒலி செல்லும் பாதையில் அதுவே 'டிக், டிக்' என்னும் ஓசையாகவும் கசியும்.

விளக்குகளை அகற்றிவிடலாமே என்றேன். இருண்ட மேடையில் எந்த அலகு என்ன செய்கிறது என்பதை விளக்கின்றி அறிய இயலாது என்றார். அதுவும் சரியே.

மின்தேக்கி ஒன்றைப் பொருத்தினால் போதும் எனப் பலர் எண்ணுவர். விரைவான அதிர்வுகளை அது தணிக்கும். நொடிக்கு ஒருமுறை மெல்ல மின்னும் விளக்கிற்குச் சிறிய மின்தேக்கி ஈடுகொடாது. மின்னோட்டத்தையே குறைப்பதுதான் முதல் வழி. இக்கால எல்.இ.டி.க்கள் பல 1 மில்லிஆம்பியரிலேயே கண்ணுக்குத் தெரியுமளவு ஒளிர்கின்றன. தொல்லை இருபதில் ஒரு பங்காகிவிடும். விளக்குகளுக்கெனத் தனித் திரும்புகம்பி ஒன்றை மின்வழங்கிவரை கொண்டுசெல்வதும் நன்று.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. விளக்கு அணையும்போது அதன் மின்னோட்டத்தை நிறுத்தாமல், டிரான்சிஸ்டர் ஒன்றின் வழியே திருப்பிவிடுகிறார். விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் மின்வழங்கி தரும் மின்னோட்டம் மாறுவதில்லை. மாற்றமில்லாததால் ஓசையும் இல்லை. சிறிது மின்சாரம் வீணாவதை அவர் பொருட்படுத்தவில்லை.

முடிவைச் செவியாலேயே சோதிக்கிறார். தம்புராவின் ஒலியோடு கருவியின் ஒற்றைச் சுரத்தை நீட்டி ஒலிக்கவிடுவார். இரண்டும் சிறிது விலகினாலும் ஒலி அலையலையாக ஏறி இறங்கும். இப்போது ஒன்பது விளக்குகள் அமைதியாக உள்ளன. பத்தாவது மின்னும்போது மட்டும் மெல்லிய அலை கேட்கிறது. அதன் திரும்புகம்பியைத் தடித்ததாக மாற்றவிருக்கிறார்.