மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்

147573952589676412927. மொத்தம் 21 இலக்கங்கள். 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த விடையில் 1ஐக் கழித்தால் இந்த எண் கிடைக்கும்.

இது ஒரு பகா எண் என்று 1644ல் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுதி வைத்தார். அதாவது 1ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. இவ்வளவு பெரிய எண்ணை யார் உட்கார்ந்து சரிபார்ப்பது? இருநூறு வருஷங்களுக்கு மேல் அந்தக் கூற்று அப்படியே நின்றது.

1876ல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இது பகா எண்ணே இல்லை என்று நிரூபித்தார். சரி, எந்த எண்களால் வகுபடும்? அது அவருக்கும் தெரியாது!

காரணியே தெரியாமல் எப்படிச் சொல்ல முடியும்? ஒரு சின்ன எண்ணை எடுத்துக்கொள்வோம். 2ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணுக்கும் ஒரு குணம் உண்டு. அந்த எண்ணைவிட ஒன்று குறைவான தடவை 2ஐ எழுதிப் பெருக்கி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். 15க்குச் செய்து பார்ப்போம். 14 இரண்டுகளின் பெருக்கல் 16384. அதை 15ஆல் வகுத்தால் மீதி 4. ஆக 15 பகா எண் இல்லை. மூன்றும் ஐந்தும் இந்தக் கணக்கில் தலைகாட்டவே இல்லை, கவனித்தீர்களா? லூக்காவின் சோதனை வேறு, ஆனால் தத்துவம் இதே மாதிரிதான்.

காரணிகள் கிடைக்க 1903 ஆனது. அக்டோபர் 31ல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் அவற்றை அறிவித்தார். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்று எரிக் டெம்பிள் பெல் பிற்பாடு எழுதினார்:

193707721 × 761838257287

இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாளானது என்று பெல் கேட்டாராம். "மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்" என்பது கோலின் பதில்.

இந்த எண்ணின் எந்தக் காரணியையும் 134ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அதனால் 135, 269, 403 என்று போகும் வரிசையில் தேடினால் போதும். ஆனால் சின்னக் காரணியே அந்த வரிசையில் 14,45,580வது இடத்தில் ஒளிந்திருந்தது! கோல் இன்னும் பல நிபந்தனைகளைப் போட்டுச் சலித்துத்தான் அதைப் பிடித்தார்.

இன்று ஒரு மடிக்கணினி இதைக் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். ஆனால் 600 இலக்கங்களுக்கு மேல் போனால் அதுவும் திணறும். 1977ல் வந்த ஆர்.எஸ்.ஏ. பூட்டு இந்தச் சிரமத்தை நம்பித்தான் நிற்கிறது. பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம்.

அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வீணா? மெர்சென் சொன்னதை நம்பத்தான் வேண்டியிருந்தது. லூக்கா சொன்னதைப் புரிந்துகொள்ளக் கணிதம் படித்திருக்க வேண்டும். கோல் எழுதியதைச் சரிபார்க்க ஒரு பென்சிலும், ஐந்தாம் வகுப்பில் படித்த பெருக்கலும் போதும்.