உறைமோர் போன வழி

சென்ற மழைக்காலத்தில் என் மகளுக்கு ஆண்டிபயாட்டிக் கொடுத்த மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. அம்மா மோரை நீர்க்கக் கரைத்து, உப்பிட்டுக் கொடுத்தார். "நல்ல கிருமி உள்ள போனா கெட்ட கிருமி ஓடிரும்" என்றார். என் பாட்டியும் இதே மோரைத்தான் கொடுப்பார். ஆனால் கிருமி என்று சொன்னதில்லை, வயிற்றுச்சூடு என்பார். மோருக்குள் இந்தச் சண்டையைக் கொண்டுவந்தவர் யார் என்று தேடத் தொடங்கினேன்.

தடம் பாரிசுக்குப் போனது. 1904-இல் பாஸ்டர் நிறுவன விஞ்ஞானி இலியா மெச்னிகோவ் முதுமை பற்றி ஓர் உரை ஆற்றினார். பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் கிருமிகளின் நஞ்சுதான் நம்மை மூப்படைய வைக்கிறது, பாலைப் புளிக்கவைக்கும் கிருமிகளின் அமிலம் அதைத் தடுக்கும் என்பது அவர் கருத்து. தயிர் உண்டு நெடுநாள் வாழும் பல்கேரியர்களைச் சான்று காட்டினார். மறு ஆண்டே ஸ்தாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய இளைஞர், ஜெனீவாவில் தன் நாட்டுத் தயிரிலிருந்து கோல் வடிவக் கிருமி ஒன்றைக் கண்டெடுத்தார்.

அப்படியொரு கோலைக் கண்ணால் பார்க்காமல் எனக்கு ஆறவில்லை. கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தும் நண்பரிடம் வீட்டுத் தயிரைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போனேன். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்ல இழுத்து, காயவைத்து, மெத்திலீன் நீலம் விட்டுக் கழுவினார். நுண்ணோக்கியில் நீலக் குச்சிகள்; சில தனியாக, சில முனையோடு முனை ஒட்டி. இடையிடையே மணி கோத்தாற்போல் உருண்டைகள். "இது பல்கேரியாக் கிருமிதான்னு பாத்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. வீட்டுக்கு வீடு உறை வேற" என்றார்.

மெச்னிகோவ் நாள்தோறும் புளித்த பால் குடித்தவர். 1916-இல், 71 வயதில் காலமானார். 1920-களில் யேல் பல்கலைக்கழகத்தின் ரெட்கரும் செப்லினும், பல்கேரியக் கிருமி மனிதக் குடலில் தங்குவதே இல்லை என்று காட்டினார்கள். அதைப் படித்த அன்று மனம் சோர்ந்துவிட்டது. ஆனால் தேடலின் முக்கியமான திருப்பம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். புளித்தது எல்லாம் மருந்தாகிவிடாது. குடலில் பிழைத்து நிற்கும் வகை எது என்ற கேள்வி அங்கே எழுகிறது. 1930-இல் கியோட்டோவில் மினோரு ஷிரோட்டா அப்படியொரு வகையைப் பிரித்தெடுத்து வளர்த்தார்.

எனக்கு வலுவான விடை கிடைத்தது ஒடிசாவின் கிராமங்களில். பினாகி பாணிகிரஹி குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு அது. 4,556 பச்சிளங்குழந்தைகள். பாதிப் பேருக்குப் பிறந்த சில நாட்களிலேயே, ஒரு வாரம், லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் என்ற கிருமியும் அதற்கு இரையாகும் ஒருவகைச் சர்க்கரையும். மற்றவர்களுக்கு வெறும் பொடி. உப்பில் ஊறிப் புளிக்கும் காய்களிலும் வாழும் இனம்தான் இந்தப் பிளான்டாரம். உடலெங்கும் நோய்த்தொற்று பரவும் செப்சிஸும் மரணமும் சேர்ந்து, வெறும் பொடி பெற்றவர்களில் நூற்றுக்கு 9. கிருமி பெற்றவர்களில் 5.4.

மகள் மோரால்தான் தேறினாளா என்று ஒரு குழந்தையை வைத்துச் சொல்ல முடியாது. வற்றிய உடலுக்கு நீரும் உப்பும் போய்ச் சேர்ந்தன, அது உறுதி.

அம்மாவிடம் ஒடிசாக் குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன். உறை ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எல்லாம் தாய்ப்பால் குடிக்கிற புள்ளைங்களா?"

"ஆமாம்மா. அதோட சேத்துத்தான் குடுத்தாங்க."