நாலாபானியில் இரண்டு தூண்கள்

வேலூர்க் கோட்டையை அறிந்த நமக்கு ரோலோ கில்லெஸ்பி புதிய பெயர் அல்ல. 1806 ஜூலை 10 அன்று ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்து, கயிற்றைப் பற்றி மதிலேறி, சிப்பாய்களின் எழுச்சியை ஒரே காலைப்பொழுதில் நசுக்கியவர். பிடிபட்டவர்களில் நூறு பேரளவில் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். பாடநூல்கள் அவரை அந்தச் சுவரருகிலேயே விட்டுவிடுகின்றன. அதன்பின் அவர் என்ன ஆனார் என்று நாம் கேட்டதில்லை.

விடை டேராடூனில் கிடைத்தது. சஹஸ்ரதாரா செல்லும் சாலையில், வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே, அருகருகே நிற்கும் இரண்டு வெண்ணிறத் தூண்கள். ஒன்று கில்லெஸ்பிக்கும் அவரோடு மடிந்தவர்களுக்கும். மற்றொன்று அவர்களை எதிர்த்து நின்ற பல்பத்ர குன்வருக்கும் அவருடைய கூர்க்காக்களுக்கும். வென்றவர்கள் தம் எதிரிக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் என்பதால் சற்று நேரம் வாயடைத்து நின்றோம்.

நேபாளத்துக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் 1814இல் மூண்ட போருக்கு வெளிக்காரணம் புட்வல், சியுராஜ் எல்லைத் தகராறு. திபெத்துக்குச் செல்லும் வணிகப் பாதைகளின் மீதும், சால்வைக் கம்பளியின் மீதும் கம்பெனிக்கு வெகுநாளாகவே கண் இருந்தது. போர்ச்செலவுக்கு அயோத்தி நவாபிடம் கோடிக்கணக்கில் கடன் வாங்கியதும், பிறகு நேபாளத்திடமிருந்து பறித்த தராய் நிலத்தில் ஒரு பகுதியை அக்கடனுக்கு ஈடாகக் கொடுத்ததும் வணிகர்களுக்கே உரிய கணக்கு!

நாலாபானிக் குன்றின் மேலிருந்த கலங்கா, முழுதும் கட்டி முடிக்கப்படாத கற்கோட்டை. உள்ளே பெண்கள், குழந்தைகள் உட்பட அறுநூறு பேரளவில். கீழே கில்லெஸ்பியின் படை மூவாயிரத்தைத் தாண்டும். அக்டோபர் 31ஆம் நாள் முதல் தாக்குதல் குலைந்தபோது, பொறுமையிழந்து தாமே முன்னேறிச் சென்ற கில்லெஸ்பி கோட்டை வாயிலுக்கு அருகே சுடப்பட்டு விழுந்தார். பெரும் பீரங்கிகள் வரக் காத்திருந்து நவம்பர் 27இல் மீண்டும் ஏறினார்கள், மீண்டும் தோல்வி. கோட்டைப் பெண்கள் கற்களை வீசிப் போரிட்டதாகச் சொல்கிறார்கள். இறுதியில் கோட்டையை வீழ்த்தியது தாகம். வெளியிலிருந்த நீரூற்றை அடைத்து, இடைவிடாது குண்டு பொழிந்தார்கள். நவம்பர் 30 இரவு பல்பத்ரர் எஞ்சிய எழுபது பேரோடு முற்றுகையைக் கிழித்துக்கொண்டு வெளியேறினார். உள்ளே நுழைந்தவர்கள் கண்டது பிணங்களையும், தண்ணீர் கேட்டு முனகிய காயம்பட்டவர்களையுமே.

எங்களில் ஒருவர், வேலூர்க்காரர், “அங்கே செய்ததற்கு இங்கே கிடைத்தது” என்றார். அந்த மகிழ்ச்சி எங்கள் எல்லோருக்கும் இருந்தது என்பதை மறைப்பானேன்? ஆனால் அது நெடுநேரம் நிலைக்கவில்லை. கில்லெஸ்பியோடு குன்றேறி மடிந்தவர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. வேலூர் மதிலில் விழுந்தவர்களைப் போலவே கம்பெனியின் சம்பளத்துக்குச் சீருடை அணிந்தவர்கள். மறுபுறம் கூர்க்கா ஆட்சியை எண்ணிப் பார்த்தால், 1804 முதல் கார்வால் மக்களை அது வரியால் வதைத்தது, அடிமைகளாக ஹரித்வார்ச் சந்தையில் விற்கவும் செய்தது. அம்மக்களுக்குப் பல்பத்ரர் யார்? இந்தக் கேள்வியை நண்பரிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் தூணைச் சுற்றி வந்தார்.

1816இல் சுகௌலி உடன்படிக்கை உறுதியாகி, காளி நதிக்கு மேற்கே இருந்ததையெல்லாம் நேபாளம் இழந்தது. போர் முடியும் முன்பே, 1815இல், கம்பெனி கூர்க்காக்களைத் தன் படையில் சேர்க்கத் தொடங்கியிருந்தது. 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் சுட்டவர்களிடையே கூர்க்காக்கள் இருந்தனர் என்பதை அந்தத் தூணின் முன் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பல்பத்ரரோ லாகூருக்குப் போய் ரஞ்சித் சிங்கின் படையில் சேர்ந்து, 1823இல் நௌஷேரா போரில் உயிர்விட்டார். அயல்நாட்டுப் படையில் சேவகம் செய்பவனை நேபாளத்தார் ‘லாஹுரே’ என்பது அந்த லாகூரின் பெயரால்தான்.

திரும்பும் முன் ஒரு தேநீர்க்கடையில் நீர் வாங்கிக் குடித்தோம். வேலூர்க்காரர் மட்டும் புட்டியைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.