அ, இம், மா

‘அம்மா’ என்று எழுதியிருப்பதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ‘அ… இம்… மா’ என்று படிக்கும். அதில் பிள்ளையின் தப்பு எதுவுமில்லை. மெய்யெழுத்தைத் தனியே சொல்ல வராது என்பதால் இக், இங், இச் என்று முன்னால் ஓர் ‘இ’யை ஒட்டிச் சொல்லித் தருவது நம் வழக்கம். அதே ‘இ’யைப் பிறகு கழற்றியாக வேண்டும். ஒன்றாம் வகுப்பு டீச்சர் வேலையில் பெரும்பகுதி இந்தக் கழற்றும் வேலைதான்.

‘இ சொல்லாதே’ என்றால் பிள்ளைக்குப் புரியாது. வாயைத்தான் பழக்க வேண்டும். ம், ல், ன் போன்றவற்றை நீட்டி ஒலிக்கலாம். உதட்டை மூடிக்கொண்டு ‘அம்ம்ம்ம்’ என்று முனகிவிட்டுத் திறந்தால் ‘மா’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். க், ட், ப் அப்படி நீளாது, வெடித்து நின்றுவிடும். அதனால் கல், பல், மான், மரம், மணல் ஆகியவற்றை முதலில் எடுக்கிறேன். பட்டம், தட்டு எல்லாம் பின்னால். பாடப்புத்தக வரிசையோடு இது எப்போதும் பொருந்துவதில்லை.

அடுத்த தொல்லை கொம்பு. ‘கொடி’யில் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, வாயில் முதலில் வருவதோ ‘க்’. கொம்பையும் ‘க’வையும் சேர்த்து ‘கெ’ என்று முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் காலை என்ன செய்வதென்று பிள்ளை விழிக்கும். நான் கரும்பலகையில் ‘க’வை வெள்ளைச் சாக்பீஸால் முதலில் எழுதி, கொம்பையும் காலையும் சிவப்பில் இருபுறமும் பிறகு வைப்பேன். எழுதும் முறை கெட்டுவிடும் என்பது உடன் வேலை பார்க்கும் சாரின் கட்சி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. படிப்பு வரட்டும், எழுத்து முறையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

247 எழுத்து என்று பயமுறுத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரும்பாலான வரிசைகள் ஒரு குறியைப் பிடித்தால் ஓடிவரும். அடங்காதது உகர, ஊகார வரிசை. கு, சு, து, நு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளையும். 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, லை போன்றவற்றை நேராக்கியது. இந்த இரண்டு வரிசையில் கைவைக்கவில்லை. நேராக்கியதிலும் சில வீடுகளில் சிக்கல் உண்டு. பாட்டி பழைய வழக்கப்படி தும்பிக்கை வைத்து ‘லை’ எழுதிக்காட்ட, மறுநாள் ‘எது டீச்சர் சரி?’ என்று வகுப்பில் பஞ்சாயத்து.

ஒட்டிக்கொள்ளும் நாள் எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நேற்றுவரை இம், இம் என்று இழுத்த பையன் இன்று ‘மரம்’ என்கிறான். அவனுக்கே ஆச்சரியம். அப்புறம் நிறுத்த முடியாது: பிஸ்கட் உறை, ரேஷன் கடைப் பலகை, டவுன் பஸ்ஸின் நெற்றி, கட்சிக்காரர்களின் சுவர் விளம்பரம். ஊரிலேயே பெரிய எழுத்தில் கிடைக்கும் வாசிப்புப் புத்தகம் அந்தச் சுவர்தான்; தலைவர்களின் பட்டப்பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு வேறு பயிற்சித்தாள் எதற்கு? சம்பளத்துக்கு மேலே எனக்குக் கிடைப்பது இது.

எரிச்சல்களும் உண்டு. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர் போதும். தலைக்கணக்கு சரி, இரண்டு பேருக்கு ஐந்து வகுப்பு. ஒருவன் ‘இம்’மைக் கழற்றும் விளிம்பில் நிற்கும்போது மூன்றாம் வகுப்பில் ரப்பர் திருட்டு வழக்கு வந்துவிடும். போன வாய்ப்பு அன்றைக்குத் திரும்பி வராது.

2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. எனக்கு அது பிடித்திருந்தது. ஒரே வகுப்பில் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதை அது ஒத்துக்கொண்டது. ஆனால் ‘இம்’ பாதி கழன்றவனை எங்கே போடுவது? செயலிக்கு ஏதாவது ஒரு பதில் வேண்டும், அதுவும் சிக்னல் இருக்கும் வேப்பமரத்தடியிலிருந்து. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர கல்வி சாராத வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு. பதிவேற்றுவது கல்விப் பணியாம். அதனால் அந்தத் தடைக்குள் வராது.

இன்னொன்று, செங்கல் சூளை. பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். ஜூனில் அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது ‘இம்’மும் கூடவே வந்திருக்கும். இதற்குத் திருத்தம் என் கையில் இல்லை. அந்த அப்பா அம்மாவைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது.

போன ஜூனில் ஒரு தந்தை மகனுக்கு டி.சி. கேட்டு வந்தார். “பையன் நல்லா படிக்கிறான் டீச்சர். அதான், டவுன்ல இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்துடலாம்னு.” நம் பள்ளியிலும் ஆங்கில வழி இருக்கிறதே என்றேன். “இருக்கு… இருந்தாலும்” என்று தலையைச் சொறிந்தார். தலைமை ஆசிரியர் சான்றிதழ் கொடுத்தார். சுவரெல்லாம் படித்துத் தள்ளிய அந்தப் பையனோடு சேர்ந்து தொடங்கிய மூன்று பேர் இன்னும் கொம்பைத் தாண்டவில்லை. இந்த வாரம் அவர்களுக்குச் சிவப்புச் சாக்பீஸ் போதவில்லை, வாங்க வேண்டும்.