எழுதாத பத்திரம்

என் மூத்த ராத்தா தலைப்பிரசவத்தில் மறைந்தபோது எனக்கு வயது ஒன்பது. நெல்லை மாவட்டத்தில், பேருந்துச் சாலையிலிருந்து மூன்று கல் உள்ளடங்கிய சிற்றூர் எங்களுடையது. குழந்தை பிழைத்தது, ராத்தாவுக்குக் குருதிப்போக்கு நிற்கவில்லை. ஆண் மருத்துவரிடம் காட்டுவதா என்ற பேச்சிலேயே இரவு கழிந்தது. சுபுஹுக்குப் பின் வண்டி பூட்டினார்கள். அந்த இரவைப் பற்றி வாப்பா இறுதிவரை வாய் திறந்ததில்லை.

பிற்காலத்தில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றைப் படித்தபோது நெஞ்சு அதிர்ந்தது. திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று கணவன்மார் அவரைத் தேடி வந்தனர். பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியரை, மருத்துவரான ஐடாவின் தந்தை பார்ப்பதற்கு மூவருமே இணங்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அம்மூவரில் ஒருவர் முஸ்லிம். அந்த அம்மையார்தாம் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்றுத் திரும்பி, 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி கண்டவர்.

எங்கள் ஊரிலும் ஒரு பெண்ணை மருத்துவராக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று விழுந்த விதை. அது முளைக்க நெடுங்காலம் ஆயிற்று. பீடி சுற்றும் தாய்க்குப் பிறந்த ஒரு பெண் அரசுப் பள்ளியில் நன்கு தேறினாள். நீட் தேர்வில் முதல்முறை தவறியவளை ஓராண்டு பயிற்சிக்கு அனுப்பினோம். 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அவளுக்கும் இடம் கிடைத்தது. கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டது. அப்படியானால் உங்களுக்கு என்ன செலவு என்பார் சிலர். பயிற்சிக் கட்டணம், நூல்கள், வெள்ளை அங்கி, ஊர் வந்து போகும் செலவு, மகள் கை குறைந்ததால் வீட்டில் குறைந்த பீடிக் கூலி. எல்லாவற்றையும் நாங்கள் மூவர் பங்கிட்டுக்கொண்டோம்.

நான்காம் ஆண்டில் நகரத்திலிருந்து அவளுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். எனக்குக் கலக்கம் பிறந்தது. படிப்பு முடிந்தபின் ஐந்தாண்டுகள் ஊரில் பணியாற்ற வேண்டும், தவறினால் முழுத் தொகையையும் திருப்பித் தரவேண்டும் என்று நானே ஒரு பத்திரம் எழுதினேன். வெட்கத்துடன்தான் இதைச் சொல்கிறேன்.

அவள் அதை இருமுறை படித்தாள்.

"கையெழுத்துப் போடுகிறேன் மாமா. ஆனால் உங்கள் ராத்தாவுக்கு நடந்தது, நான் பக்கத்தில் இருந்தாலும் நடந்திருக்கும்."

குருதிப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின் ஊசிமருந்தை 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில் வைக்க வேண்டுமாம். நம் ஊரிலோ மழை என்றால் மின்சாரம் இல்லை. உடன் நிற்கத் தேர்ந்த செவிலி வேண்டும். குருதி ஏற்றும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல நள்ளிரவிலும் ஊருக்குள் வண்டி வரும் பாதை வேண்டும். இவையின்றி வெறுங்கையுடன் உட்காரும் மருத்துவர் சாட்சிக்காரர்தாம் என்றாள்.

வேலூரிலும் கடப்பாடு உண்டு. திருச்சபைகள் அனுப்பும் மாணவர்கள், படித்து முடித்தபின் இரண்டாண்டுகள் அச்சபைகளின் மருத்துவமனைகளில் பணியாற்றுவது அங்கு நெடுநாள் வழக்கம். ஆனால் அவர்கள் திரும்பிச் செல்லுமிடத்தில் ஒரு மருத்துவமனை நிற்கிறது! நாங்கள் அவளை எங்கே திரும்பி வரச் சொன்னோம்? பள்ளிவாசலும் தேநீர்க் கடையும் உள்ள ஒரு தெருவுக்கு. அரசுப் பணி கிடைத்தாலோ, எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்பதை முடிவு செய்வது அரசு. என் பத்திரம் அங்கே செல்லாது.

பத்திரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சம்பந்தத்தை அவளே தள்ளிப்போடச் சொல்லிவிட்டாள் என்று அவள் தாயார் பிறகு கூறினார். நான் காரணம் கேட்கவில்லை.

இப்போது அவள் பயிற்சி மருத்துவர். வாப்பாவின் வீட்டுத் திண்ணையறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. குளிர்பதனப் பெட்டி வந்துவிட்டது. மின்தடையின்போது அதை ஓட்ட இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கப் பாளையங்கோட்டைக்குப் போயிருப்பவன் ராத்தாவின் மகன். அன்றிரவு பிழைத்த அந்தக் குழந்தை. பாதைக்காக ஊராட்சிக்கு எழுதிய மூன்றாவது மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.